சிவப்புப் பெட்டிக்குக் கறுப்பு கிடையாது

“பட்டை வருது. எழுத்து எங்கப்பா?” என்று கேட்டார் ஹிபினோ வாத்தியார்.

நாடகக் கொட்டகையின் பக்க அறையில், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். திரையில் எங்கள் ஊர் மேடை தெரிந்தது. அதன் அடியில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையில், வாத்தியார் கோடை முழுவதும் வியர்க்க வியர்க்க எழுதிய வசனம் கறுப்பு எழுத்தில் வந்திருக்க வேண்டும். எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் மேடைப் பலகைதான் தெரிந்தது. வெளிர்ப் பலகை, வெள்ளைப் பட்டை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் ஒரு சொல்லும் தேறவில்லை.

“திரை தூக்க இன்னும் எவ்வளவு நேரம்?”

“மத்தியானம்தானே ஆட்டம். ஊர் சனம் பாய் விரிக்க ஆரம்பிச்சாச்சு.”

இசோனோ மட்டும் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இழவு வீடு மாதிரி நிக்கறீங்க?”

இசோனோவுக்குக் காது கேட்காது. இருபது வயதில் காசநோய்க்காக மலையடிவார மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தது, காது போயிற்று. பேசுவாள், நன்றாகவே பேசுவாள், கொஞ்சம் சத்தமாக. உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வாள். அவளும் நானும் சேர்ந்துதான் சாப்பாட்டுப் பெட்டிக் கடை நடத்தினோம். அன்றைக்கும் இடைவேளைக்கான சோற்றுருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் அடுக்கிக் கொண்டுவந்துதான் அந்த அறையில் இருந்தோம்.

அவள் மகள் சிகுசா தபாலாபீசில் வேலை பார்த்தாள். அவள் குரலை இசோனோ ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஒவ்வோர் அக்டோபரும் ஊர்க்காரர்களே பழங்கால மேடை நாடகமான கபுகி ஆடுவார்கள். அந்த வருடம் பெரிய வேஷம் சிகுசாவுக்கு வந்தது: காணாமற்போன தம்பியை எதிரிப் படையில் கண்டுபிடிக்கும் உப்பு வியாபாரியின் மனைவி. கபுகியில் உதடு பார்த்துப் படிக்க முடியாது. முகத்தில் வெள்ளைப் பூச்சு, வாய் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு சொல்லை ஊர் எல்லைவரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவார்கள்.

அதனால்தான் அந்த வருட வசந்தத்திலேயே இசோனோ கேபிள் சங்கத்துக்குப் போய் நின்றாள். மலை மறைப்பதால் எங்கள் ஊரில் ஆன்டெனா வைத்தால் திரையில் வெறும் புள்ளிமழைதான் தெரியும். சங்கம் சிகரத்தில் ஒரே பெரிய ஆன்டெனா நட்டு, வீட்டுக்கு வீடு கம்பி இழுத்திருந்தது. மிச்சமிருந்த ஒரு சேனல் எங்களுடையது. சாவு அறிவிப்பு, பேருந்து நேரம், பள்ளி ஓட்டப்பந்தயம், அக்டோபரில் கபுகி. அதைப் பார்த்துக்கொண்டவன் குனிஹிரோ.

“நாடகத்து அடியில வசனத்தை எழுத்தா ஓட்டு. அவ பேசப் பேச வரணும்” என்றாள் அவனிடம்.

“நாடகப் புத்தகத்தைத் தரேன், படிச்சுக்கங்களேன் அக்கா.”

“படிச்சாச்சு. கதை எனக்குத் தெரியும்டா. அவ கையை இப்படித் தூக்கறாளே, அப்ப என்ன சொல்றா? தலையைத் திருப்பறாளே, எந்தச் சொல்லுக்கு? எனக்கு அது வேணும்.”

குனிஹிரோ தலையைச் சொறிந்தான். பிறகு, “பார்க்கலாம்” என்றான். அவன் பார்க்கலாம் என்றால் முடிப்பான் என்று ஊருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்த பெரியவர்கள் மூன்றே பேர். மூன்று பெட்டியும் மூன்று ஜாதி. மருந்துக்கடை நாகாசேயிடம் எண்பத்தெட்டு என்கிற மாடல். எழுத்துக்கலை கற்றுக்கொடுக்கும் ஹிபினோ வாத்தியாரிடம் எஃப்.எம். ஏழு. குனிஹிரோவிடம் எக்ஸ் ஒன்று, சிவப்பு நிறம். மூவரும் எங்கள் கடைக்கு வந்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

“என் பெட்டியில எழுத்தைப் பாருங்க. நானூறு கோடு. எத்தனை கீற்று உள்ள எழுத்தா இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. உங்க ரெண்டு பேருதும் இருநூறு கோடுதானே? நசுங்கின எறும்பு மாதிரி இருக்கும்” என்பான் நாகாசே.

“நானூறு கோட்டுல எத்தனை கலர்? அதையும் சொல்லு.”

“ஒரே கலர்தான் வாத்தியாரே. எட்டுக் கலர் வேணும்னா இருநூறுக்கு இறங்கிக்குவேன். ரெண்டு விதமும் ஒரே பெட்டியில. உங்ககிட்ட உண்டா?”

“எங்கிட்ட ரெண்டு மூளை உண்டு. ஒண்ணு கணக்குப் போடும். இன்னொண்ணுக்குப் படம் வரையறது மட்டும்தான் வேலை. இந்த ஊர்ல யார் வீட்டுலயாவது படம் வரையறதுக்குன்னு தனி ஆள் வச்சிருக்கீங்களா?”

“உன் பெட்டி என்னடா செய்யும், குனிஹிரோ?”

“டிவி மேல உட்காரும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். உங்க பெட்டி ரெண்டும் டிவியைத் துரத்திட்டுத்தான் படம் போடும். இது டிவியை இருன்னு சொல்லிட்டு அதும்மேல எழுதும்.”

செய்தும் காட்டினான். சங்க அலுவலகத்தில் சுமோ நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மலைபோன்ற ஆட்கள் மோதிக்கொண்டிருக்க, அவர்கள் தொப்பைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ‘இசோனோ’ என்று பெயர் வந்து நின்றது. ஆட்கள் உருண்டார்கள், பெயர் அசையவில்லை. இசோனோ கிட்டே போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள். நாகாசேகூட மெல்ல, “நல்லாத்தான் இருக்கு” என்றான். எண்பத்தெட்டுக்காரன் வாயிலிருந்து அது வந்தது பெரிய விஷயம்.

அங்கே ஆரம்பித்தது வேலை. எழுத்தை யார் எழுதுவது என்றபோது ஹிபினோ வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். “கபுகிக்கு அச்செழுத்தா? மானம் போயிடும். தூரிகையில நான் எழுதறேன்.” கண்ணாடித்தாளில் எழுதி, அதைத் திரையில் ஒட்டி, தன் எஃப்.எம். ஏழில் புள்ளி புள்ளியாகப் படியெடுத்தார். வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து. வேறு எப்படி எழுதுவார்? எங்கள் ஊரில் பிள்ளைகள் முதன்முதலில் கையில் பிடிப்பதே மைத்தூரிகையும் வெள்ளைத் தாளும்தான். எவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அவர் பெட்டியும் குனிஹிரோவின் பெட்டியும் புள்ளிக் கணக்கில் ஒன்று, எட்டு நிறமும் அதே வரிசை. கம்பி போட்டு மாற்றியபோது ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை. சங்க அலுவலகத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தோம். மை காயாத எழுத்துபோல் கருகருவென்று இருந்தது. ஆனால் அப்போது அதன் பின்னால் டிவிப் படம் ஓடவில்லை.

ஆட்டத்தன்று காலை கேமராப் படத்தைக் கோத்தபோதுதான் இந்த நிலைமை.

குனிஹிரோ நெற்றியைத் துடைத்தான். “வாத்தியாரே, இந்தப் பெட்டிக்குக் கறுப்பு கிடையாது.”

“என்னடா உளர்றே? எட்டுல முதல் கலரே கறுப்புதானே?”

“பின்னாடி டிவி இல்லாதப்போ கறுப்பு. டிவி வந்துட்டா அது ஓட்டை. எங்கெங்க கறுப்போ, அங்கெல்லாம் டிவி தெரியும். அப்படித்தான் இது டிவி மேல எழுதுது. எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். உங்க எழுத்தோட அழகைப் பார்த்துட்டே இருந்துட்டேன், தோணவே இல்லை.”

“அப்ப என் எழுத்து பூரா ஓட்டையா?”

“ஓட்டை.”

“என்ன சொல்றான்? வாயை மூடிக்கிட்டே பேசறான்” என்றாள் இசோனோ. நான் அவள் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகச் சொன்னேன். அவள் சோற்றுப் பெட்டிகளின் நூலை ஒன்றொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினாள். எல்லாம் ஏற்கெனவே நான் கட்டியவை.

“கறுப்பை நீலமா மாத்து. ஒரு கட்டளைதானே?” என்றான் நாகாசே. அவன்தான் கேமராவும் பிடிக்கிறவன்.

குனிஹிரோ தட்டினான். உடனே எழுத்தெல்லாம் நீலமாயிற்று. கூடவே மேடை நீலமாயிற்று, தூண் நீலமாயிற்று, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த சிகுசா தலையோடு காலாக நீலத்தில் முழுகிப்போனாள்.

“ஐயையோ, எடு எடு!”

“எழுத்துக்கும் மத்த இடத்துக்கும் ஒரே கலர் எண்ணு அண்ணே. எழுத்தை நிரப்பினா எல்லாத்தையும் நிரப்பிடும்.”

“பட்டைக்குள்ள மட்டும் தேடி மாத்தற மாதிரி ஒரு புரோகிராம் போடேன்.”

“பேசிக் பாஷையில போட்டா ஒரு பக்கத்தை முடிக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம். மொத்தப் பக்கமும் முடியறப்போ நடிகர்கள் வேஷம் கலைச்சுத் தூங்கிடுவாங்க.”

“மெஷின் பாஷையில போடு.”

“நாளைக்குக் காலைவரை டைம் குடுங்க, போடறேன்.”

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் மலைவெள்ளத்து மேல எழுதின மாதிரி ஆச்சே” என்று முனகினார். இசோனோ நிமிர்ந்தாள். “விடுங்க வாத்தியாரே. இத்தனை வருஷம் பார்க்கலையா? சும்மா கையும் காலும் பார்த்தேன். இந்த வருஷமும் பார்ப்பேன்” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவள் கண் அந்த வெள்ளைப் பட்டையை விட்டு நகரவில்லை.

அப்போது திரையில் தச்சன் தத்சுவோ வந்தான். அவன் எங்கள் குரோகோ. தலைமுதல் கால்வரை கறுப்புத் துணி போர்த்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவே வாளும் விசிறியும் எடுத்துக்கொடுக்கிற ஆள். கபுகியில் கறுப்பு என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அவன் நட்டநடு மேடையில் குந்தியிருந்தாலும் யாரும் அவனைப் பார்ப்பதில்லை. ஏதோ ஆணி தூக்கிக்கொண்டிருந்தது போல, மேடை விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்து தட்டினான்.

“அலை!” என்று கத்தினாள் இசோனோ.

எல்லோரும் திடுக்கிட்டோம்.

“அலைன்னு எழுதியிருக்கு! அதோ, அவன் முதுகுல!”

பட்டையின் நடுவில், தத்சுவோவின் முதுகு வந்த இடத்தில் மட்டும் வாத்தியாரின் எழுத்து கன்னங்கரேலென்று நின்றது. தடித்த கீற்று, வழித்த வால், எல்லாம். அவன் எழுந்து நடந்தான். எழுத்து அழிந்தது.

“டேய் தத்சுவோ, குனி! திரும்பக் குனி!” குனிஹிரோ கதவைத் திறந்து அலறினான்.

“எதுக்கு?”

“கேட்காத, குனி!”

குனிந்தான். எழுத்து வந்தது.

குனிஹிரோ சிரிக்க ஆரம்பித்தான். “ஓட்டைதானே? ஓட்டைக்குப் பின்னாடி கறுப்பு இருந்தா, எழுத்து கறுப்பு. முன்விளிம்பு முழுக்கக் கறுப்பா இருந்தாப் போதும்!”

“முன்வரிசையில நரைக்காத தலையாப் பார்த்து உட்கார வச்சிடலாமா?” என்றான் நாகாசே.

“இந்த ஊர்ல அதுக்கு ஆள் சேராது. துணி. கறுப்புத் துணி.”

குழுத் தலைவர் தோயாமாவைக் கூப்பிட்டார்கள். பாதி முகத்தில் பூச்சுடன் வந்தார். “மேடை விளிம்புல கறுப்புத் துணியா? பார்க்கற சனம் என்ன சொல்லும்?”

ஹிபினோ வாத்தியார் எழுந்தார். “கறுப்பைப் பார்த்தேன்னு சொல்ற ஆள் நம்ம ஊர்ல யாருய்யா? நீங்கதானே சின்ன வயசுல எங்களுக்கெல்லாம் பழக்கினீங்க, கறுப்பு இல்லைன்னு?”

தோயாமா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். “இந்தப் பெட்டியும் அப்படித்தான் நினைக்குதா?”

“அப்படியேதான்.”

“எங்க செஞ்சாங்க இதை? கபுகி பார்த்த ஆள்தான் செஞ்சிருக்கணும்” என்றார். கறுப்புத் துணி கொட்டகையில் எப்போதும் இருக்கும், ஆட்டத்தில் செத்துவிழுந்த நடிகரை மறைத்து வெளியே கூட்டிக்கொண்டுபோக. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தேன், மேடை விளிம்பில் விரித்தார்கள்.

நாகாசேவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. “அப்ப நான் கேமராவை அசைக்கவே கூடாது. அசைச்சா துணி பட்டையைவிட்டு விலகிடும். சிகுசா முகத்தைக் கிட்டக் காட்டணும்னு எவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தேன். இசோனோ அக்கா, முகம் வேணுமா, எழுத்து வேணுமா?”

அவள் அவன் உதட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முகத்தை நான்தானே பெத்தேன்? எழுத்தைப் போடு.”

திரை தூக்கினார்கள். சாமிசென் தந்தி வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தார்கள், மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. அறைக்குள் இசோனோ தொலைக்காட்சிக்கு முன்னால் கால் மடித்து உட்கார்ந்தாள். குனிஹிரோ காதை மேடைக்கும் விரலைப் பெட்டிக்கும் கொடுத்து, நடிகர் பேசப் பேசப் பக்கம் திருப்பினான். முதல் வரி வந்ததும் இசோனோ, “ஓ!” என்றாள். இரண்டாவது வரிக்குச் சிரித்தாள். அந்த வரிக்குக் கொட்டகையும் அதே நேரம் சிரித்தது. கொட்டகை சிரித்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

“இந்தாள் இவ்வளவு பேசறானா? இத்தனை வருஷமா சும்மா நடக்கறான்னுல்ல நினைச்சேன்!”

“உஷ்” என்றார் வாத்தியார், அவளுக்குக் கேட்காது என்பதை மறந்து. தன் எழுத்தை அவரே முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் உற்றுப் பார்த்தால் துணியின் மடிப்பு லேசாக அசைந்தது. “மை உயிரோட இருக்கு பாருடா. என் பெட்டி எவ்வளவு வேகமா வரைஞ்சாலும் இது வராது” என்றார் குனிஹிரோவிடம்.

சிகுசாவின் பெரிய வசனம் வந்தது. எதிரி வீரனின் தோளில் தீக்காயத்தைப் பார்க்கிறாள், தம்பி என்று தெரிகிறது. கை மேலே போனது. அதே நேரத்தில் பட்டையில்: ‘அலை கொண்டுபோனது உன்னை, அலையே கொண்டுவந்தது.’

இசோனோவின் கையும் மேலே போயிற்று.

கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. பிடித்தால் எங்கள் ஊரில் காசை வெள்ளைக் காகிதத்தில் முறுக்கி மேடையில் எறிவார்கள். நாலு பக்கமிருந்தும் பறந்தது. பாதி மேடையில் விழுந்தது, பாதி கறுப்புத் துணியில்.

“போச்சு!” என்றான் குனிஹிரோ.

எழுத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொரி விழுந்தாற்போல் ஆனது. ஒவ்வொரு முறுக்கும் ஒரு கீற்றைத் தின்றது. ‘உன் பெயரை’ என்பதுவரை படித்தாள் இசோனோ, அப்புறம் ஒன்றும் இல்லை. “என்ன? பெயரை என்ன? என்ன சொல்றா?” அவள் திரையைக் கையால் துடைத்தாள், வெளியே அப்பியிருக்கும் அழுக்கைத் துடைப்பதுபோல்.

நான் ஓடினேன். மேடை ஓரத்தில் தத்சுவோ விசிறியுடன் உட்கார்ந்திருந்தான். “துணியில காசு! எழுத்து தெரியலை! அவ படிக்க முடியலை!”

அவன் முகத்திரைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. விசிறியைக் கீழே வைத்தான். நட்டநடு ஆட்டத்தில், ஊர் பார்க்க, தவழ்ந்துபோய் மேடை விளிம்பில் நீட்டிப் படுத்தான். கையால் காசையெல்லாம் வாரித் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டே உருண்டான். மேலும் விழுந்தது, மேலும் வாரினான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் அவன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். ஓர் ஆளும் சிரிக்கவில்லை. ஓர் ஆளும் அவனைப் பார்க்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது எழுத்து நிறைந்திருந்தது. இசோனோ உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மேடையில் மகள் குரல் ஏறியபோது இவள் உதடும் விரிந்தது, மகள் நிறுத்தியபோது இவளும் நிறுத்தினாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் ஒரு வரி போய்விடும்.

வசனத்தின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் குனிஹிரோ சட்டென்று ஒரு பக்கத்தைத் தள்ளி அடுத்ததற்குப் போனான். கண்ணிமைக்கும் நேரம்தான்.

ஆட்டம் முடிந்தது. சிகுசா பூச்சும் பொய்முடியுமாக, மூச்சிரைக்க, நேரே அந்த அறைக்கு ஓடிவந்தாள். நாகாசே, வாத்தியார், குனிஹிரோ எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு, உதடு தெரியும்படி முகத்தைத் தூக்கி, “அம்மா, தெரிஞ்சுதா? படிச்சியா?” என்று கேட்டாள்.

இசோனோ அவள் கன்னத்தைத் தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

“கடைசிக்கு முன்னால ஒரு வரி இருந்ததே. ‘ஆறு போகிற வழியெல்லாம்’னு ஆரம்பிக்குமே. அதை முழுங்கிட்டியா?”

குனிஹிரோ தரையைப் பார்த்தான்.

“யாரும் கவனிக்கலையேம்மா! கொட்டகையில ஒருத்தருக்கும் தெரியலை!”

“நான் கவனிச்சேன். நல்ல வரி அது. எப்படி மறந்தே?”

“பதற்றத்துல போயிடுச்சு.”

“சொல்லு இப்போ.”

“இப்பவா? எல்லாரும் இருக்காங்க.”

“இருக்கட்டும். குனிஹிரோ, அந்தப் பக்கத்தைப் போடுடா.”

அவன் போட்டான். திரையில் காலி மேடை, கறுப்புத் துணி, அதன்மேல் வாத்தியாரின் ஒரு வரி. சிகுசா வெட்கப்பட்டுக்கொண்டே, பொய்முடியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து அந்த வரியைச் சொன்னாள். முதல் சொல்லை நீளமாக இழுத்தாள்.

“அவ்வளவு இழுக்காதே” என்றாள் இசோனோ.